பிள்ளைக்கென்று சேர்த்த லீவு

எங்கள் பாடசாலை ஸ்டாஃப் ரூமில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. பிரசவ லீவை முன்கூட்டியே எடுத்துவிடக் கூடாது. வயிற்றோடு வீட்டில் இருக்கும் ஒவ்வொரு நாளும் பிறகு பிள்ளையோடு இருக்கும் நாளில் குறையும். அதனால் வலி வரும் நாள் வரை வந்து படிப்பிக்க வேண்டும். மூன்று பிள்ளை பெற்ற விஞ்ஞான டீச்சர்தான் இந்தச் சட்டத்துக்குக் காவல். "லீவு புள்ளக்குத்தான் டீச்சர், எங்களுக்கு இல்ல," என்பார். கடைசிப் பிள்ளைக்கு வலி எடுத்தபோது வினாத்தாள் திருத்திக்கொண்டிருந்தாராம். பெருமையாகத்தான் சொல்வார். நானும் வாயைப் பிளந்து கேட்டவள்தான்.

எட்டாம் மாதத்தில் எனக்கு அந்த வீராப்பெல்லாம் போய்விட்டது. வத்தேகமவிலிருந்து கண்டிக்குக் காலை பஸ். கர்ப்பிணிகளுக்கென்று எழுதிய சீட்டில் இருப்பவர்களுக்கு, நான் ஏறியதும் எங்கிருந்தோ நல்ல தூக்கம் வந்துவிடும். என் வகுப்பு மூன்றாம் மாடியில். ஒரு திங்கட்கிழமை பின்னக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போதே பலகை மங்கியது. மேசையைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டேன். எப்போதும் சந்தைக்கடை போலிருக்கும் வகுப்பில் சத்தமே இல்லை. பயந்தே போனேன். அன்றே அதிபரிடம் லீவுக் கடிதம் கொடுத்தேன். விஞ்ஞான டீச்சர் என் பையைக் கேட் வரை தூக்கி வந்தார். முகம் மட்டும், ஊதாரியைப் பார்ப்பது போல இருந்தது.

பதினெட்டு நாள் வீட்டில் இருந்தேன். முதல் நான்கு நாளும் தூக்கம்தான், மிட்வைஃப் சொன்னபடி இடப்பக்கம் சரிந்து. உடம்பு கொஞ்சம் தேறியதும் மனம் குத்தத் தொடங்கியது. கணவர் பிலிமத்தலாவைக் கடைக்கு வேலைக்குப் போனபின் நானும் வயிறும் மட்டும். நாலு மணிக்குப் பேக்கரிப் பாண் ஆட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். அது எங்கள் வீதிக்குத் திரும்பியதும் உள்ளேயிருந்து ஒரு உதை விழும். ஒரு நாளும் தப்பவில்லை. இரண்டு பணிஸ் வாங்கி, ஒன்று உள்ளே இருப்பவருக்கு என்று சொல்லி இரண்டையும் நானே தின்பேன்.

"உன்னோட நாளத்தான் தூங்கித் தீக்கிறேன், கோவிச்சுக்காத," என்று வயிற்றைத் தடவிச் சொல்வேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பெற்ற பிள்ளையிடமே திருடுகிறேன் என்றுதான் நினைத்தேன்.

மகன் பிறந்தான். இதயத்தில் கோளாறு. கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று நாள் இருந்தான். கையை உள்ளே விட்டு உள்ளங்காலைத் தொட விட்டார்கள். தூக்க விடவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டான். வீட்டுக்கு வரவே இல்லை. என் களைப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை, கருவிலேயே அப்படித்தான் உருவாகியிருந்தது என்று டொக்டர் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். நம்பினேன். நம்பியும் அழுகை குறையவில்லை.

பாலுக்கு யார் சொல்லிப் புரியவைப்பது? அது பாட்டுக்குச் சுரந்தது. துணியால் மார்பை இறுகக் கட்டிக்கொண்டு கிடந்தேன். நாலு மணியானால் ஜன்னல்களை மூடிவிடுவேன். வீட்டில் இருப்பதே தண்டனையாகிப் போனதால், லீவு முடியும் முன்பே பாடசாலைக்குப் போனேன். இன்னும் நாள் இருக்கிறதே டீச்சர் என்றார் அதிபர். யாருக்கு வைத்துக்கொள்ள என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. அந்த மனிதர் என்ன செய்வார், பாவம். கையெழுத்துப் போட்டுவிட்டு மாடிக்கு ஏறினேன்.

அடுத்த வருடம் சங்கீத டீச்சர் நிறைமாதமாக இருந்தார். ஒருநாள் இடைவேளையில் வீங்கிய காலைக் கதிரையில் தூக்கி வைத்துக்கொண்டு, சுத்தமாக முடியவில்லை, இப்போதே லீவு போட்டால் பிறகு பிள்ளைக்கு நாள் இல்லாமல் போய்விடுமே என்று விஞ்ஞான டீச்சரிடம் கேட்டார். விஞ்ஞான டீச்சர் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"நாளைக்கே போடுங்க டீச்சர்," என்றேன் நான். "வயித்துல இருக்கிற நாளும் பிள்ளையோட இருக்கிற நாள்தான்."

சங்கீத டீச்சர் அதை ஆறுதலுக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டு சிரித்தார். என் மகன் எங்கள் வீட்டில் இருந்தது அந்தப் பதினெட்டு நாள்தான்.