ஓடிபி யாருக்காவது சொன்னீங்களா?

அலுவலகத்தில் அவளை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள் இல்லை. இணையத்தில் பொருள் வாங்குகிறவர்களின் பணத்தைக் கடைக்காரர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஒரு நிறுவனத்தில், பணம் பறிபோனது என்று புகார் சொல்கிறவர்களிடம் போனில் பேசுவது அவள் வேலை. பதினோரு வருடமாக அதே நாற்காலி. புதிதாக வருகிறவர்களுக்குப் பேசப் பழக்கியதும் அவள்தான் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அங்கே ஒரு முறை உண்டு. யார் எப்படி அழுதுகொண்டு கூப்பிட்டாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "ஓடிபி நம்பரை யாருக்காவது சொன்னீங்களா?" ஆமாம் என்றால் ஒரு பொத்தானைத் தட்ட வேண்டும், புகார் மூடிவிடும். தவறு வாடிக்கையாளருடையது, பணம் வராது. பத்தில் ஒன்பது பேர் அப்பாவித்தனமாக ஆமாம் என்று சொல்லித் தொலைப்பார்கள். பாதுகாப்புக்குப் பாதுகாப்பு, சுலபத்துக்குச் சுலபம் என்று வாய் கூசாமல் விளம்பரம் செய்த நிறுவனத்தில், எல்லாவற்றையும்விடச் சுலபமாக இருந்தது அந்தப் பொத்தான்தான்.

டீச்சருக்குச் சித்தியை விட்டால் யாருமில்லை. அம்மா போன பிறகு துணி தைத்து அவளை வளர்த்து ஆளாக்கியவள் சித்தி. மாடியில் ஒரு அறையும் சமையலறையுமாக வாடகை வீடு. தைத்துத் தைத்தே கண் கெட்டது என்பாள் சித்தி. டாக்டர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை, கண்ணுக்குள் அழுத்தம் என்றார். வலது கண் ஏற்கெனவே போய்விட்டது. இடது கண்ணுக்கு ஒரு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் அதுவும் போய்விடும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். அதற்கான பணம் சித்தியின் கணக்கில் தயாராக இருந்தது.

சித்திக்குப் போனில் பணம் கட்டக் கற்றுக்கொடுத்தது டீச்சர்தான். கூடவே எச்சரிக்கையும் செய்திருந்தாள். "மிரட்டுறவன், அவசரப்படுத்துறவன் எல்லாம் திருடன் சித்தி. எங்க ஆளுங்க நிதானமா பேசுவாங்க. தண்ணி குடிச்சிட்டு வாங்கன்னு கூட சொல்லுவாங்க." பதினோரு வருடமாகப் பயந்தவர்கள் பேச்சையே கேட்டுக் கேட்டு, திருடன் என்றால் அதட்டத்தான் செய்வான் என்று அவளாகவே முடிவு கட்டியிருந்தாள். எப்பேர்ப்பட்ட மடத்தனம்!

டீச்சரின் முதுகுவலிக்கென்று சித்தி அவளுக்குத் தெரியாமல் ஒரு நாற்காலி மெத்தைக்குப் போனிலேயே, அந்த நிறுவனம் வழியாகப் பணம் கட்டினாள். மெத்தை வரவில்லை, போன்தான் வந்தது. பொருள் தீர்ந்துவிட்டது, பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்றான் ஒருவன். "பதறாதீங்கம்மா, தண்ணி குடிச்சிட்டு வாங்க, நான் லைன்லயே இருக்கேன்." சித்தி குடித்துவிட்டு வந்து, போனை மூக்கருகே பிடித்துக்கொண்டு, ஓடிபியை ஒவ்வோர் எண்ணாக வாசித்துக் காட்டினாள். கணக்கில் காலணா மிஞ்சவில்லை.

"உங்க ஆபீஸ் ஆளு மாதிரியே பேசினான்டி," என்றாள் மாலையில். டீச்சருக்குத் திட்ட வாய் வரவில்லை. திட்டுவதென்றால் தன்னைத்தான் திட்டிக்கொள்ள வேண்டும்.

சொந்தக்காரர்களின் புகாரை எடுக்கக் கூடாது என்பது விதி. மறுநாள் லீவு போட்டுவிட்டு, சித்தியைக் கட்டிலில் உட்காரவைத்து, தன் அலுவலகத்துப் புகார் எண்ணைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"முதல்ல ஓடிபி பத்திக் கேப்பாங்க. யாருக்கும் சொல்லலன்னு சொல்லு."

"பொய்யா?"

"பொய்தான். கண்ணு வேணுமா வேணாமா?"

போனை எடுத்தவள் டீச்சர் பழக்கிய பெண்களில் ஒருத்தி. குரலிலேயே தெரிந்தது. எதிர்பார்த்த கேள்வியைக் கேட்டாள். "யாருக்கும் சொல்லலம்மா," என்றாள் சித்தி, தரையைப் பார்த்தபடி.

டீச்சருக்கு மூச்சு வந்தது. ஆனால் அந்தப் பெண் விடவில்லை.

"அப்போ உங்க போனை வேற யாரோ எடுத்துப் பாத்திருக்கணும். வீட்ல உங்ககூட யாரு இருக்காங்க?"

"என் அக்கா மக மட்டும்தான்."

"அவங்க எங்க வேலை பாக்குறாங்க?"

இந்தக் கேள்விகளைச் சொல்லிக்கொடுத்தவளே டீச்சர்தான். புகாரெல்லாம் முதல் கேள்வியிலேயே மூடிப்போய்க்கொண்டிருந்ததில், இப்படி ஒன்று இருப்பதே அவளுக்கு மறந்துவிட்டிருந்தது. நிறுவனத்துக்குள்ளேயே வேலை பார்க்கிறவர் மேல் சந்தேகம் விழுந்தால் முதலில் வேலை போகும், பிறகு விஷயம் போலீசுக்குப் போகும். சித்திக்கு இருந்த அரைப் பார்வையில் டீச்சரின் முகம் தெரிந்ததோ என்னவோ.

"அவள எதுக்கும்மா இழுக்கற," என்றாள் சித்தி போனிடம். "நான்தான் சொன்னேன். முன்ன சொன்னது பொய். அப்படியே எழுதிக்கோ."

புகாரை மூடிவிட்டதாக அந்தப் பெண் மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்தாள்.

டீச்சர் அலுவலகத்தில் முன்பணம் கேட்டாள், தெரிந்தவர்களிடம் கேட்டாள். பணம் சேர மூன்று மாதமானது. டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்.

இப்போது சித்தி சுவரைப் பிடித்துக்கொண்டுதான் சமையலறைக்குப் போகிறாள். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று டீச்சருக்கு இருக்கும். சித்தி "நான்தான் சொன்னேன்" என்ற அந்த நொடியில் அவளுக்கு வந்தது துக்கம் இல்லை, நிம்மதி. அப்பாடா, தப்பித்தோம் என்றுதான் மனசு முதலில் சொன்னது. அதை அவள் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.