கிரிபாட்டிக்குப் போன ரஃபியா

ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓடுகிற மெஷினில் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுகிறார் ரஃபியா. "பேரிங்கு பேசுது. இன்னும் பத்து நாளு தாங்கும்" என்று தீர்ப்பு வருகிறது. ஆலைக்காரரின் முகம் தொங்கிவிடுகிறது.

வயது நாற்பத்தாறு. ஊர் உத்தமபாளையம். மார்க்கையன்கோட்டையிலிருந்து கடமலைக்குண்டு வரை எண்ணெய் ஆட்டும் மெஷின்களைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் தொழில். முக்காட்டைக் காதுக்குப் பின்னால் இறுக்கிச் செருகினால் வேலை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அப்போது யாராவது டீ வேண்டுமா என்று கேட்டால் திட்டு நிச்சயம்.

சென்ற ஆண்டு, அவருக்கு வேலை கொடுக்கும் கம்பெனி பசிபிக் கடலின் நடுவில் கிடக்கும் கிரிபாட்டி என்ற குட்டித் தீவு நாட்டுக்குத் தேங்காய் எண்ணெய் மெஷின் ஒன்றை விற்றது. போய்ப் பொருத்த ஆள் வேண்டும். ஃபிட்டர்களில் பாஸ்போர்ட் இருந்தது, மெக்காவுக்கு உம்ரா யாத்திரை போய்வந்த ரஃபியாவிடம் மட்டும்தான். கணவர் இப்ராஹிம் போனில் வரைபடத்தைப் பெரிசாக்கிப் பெரிசாக்கித் தேடினார்.

"அங்கன ஊரே இல்ல, வெறும் தண்ணியால்ல இருக்கு!"

"தேங்கா இருக்குன்னாகல்ல? அப்ப ஊரும் இருக்குங்க."

மூன்று விமானம், ஒன்றரை நாள் கப்பல். "குடலே வெளிய வந்திருச்சு" என்கிறார், அதையும் சிரித்துக்கொண்டே. கப்பலிலிருந்து படகுக்குச் சாமான் இறக்கும்போது ஒரு பெட்டி நழுவிக் கடலுக்குள் போயிற்று. மோட்டாரையும் மெஷினையும் இணைக்கும் பெல்ட் அதற்குள்தான் இருந்தது, மாற்று பெல்ட்டோடு சேர்த்து. கப்பல் மூன்றாம் நாள் கிளம்பிவிடும், ரஃபியாவும் அதில்தான் திரும்ப வேண்டும். தீவே தேங்காய்ப் பருப்பை மூட்டை மூட்டையாகச் சுமந்துவந்து மெஷின் கொட்டகையைச் சுற்றி உட்கார்ந்திருந்தது.

"அத்தன பேரு மூஞ்சியப் பாத்ததும் அழுகையே வந்திருச்சுங்க. அப்பப் பாத்தா, தெபோரான்னு ஒரு பொம்பள தொடையில வச்சுத் தேங்கா நாரைத் திரிச்சுக்கிட்டு இருக்காக. சுருக்குன்னு பொறி தட்டிருச்சு!"

இருவருக்கும் பொதுவான மொழி இல்லை, கைச்சாடைதான். பத்துப் பெண்கள் கயிறு திரித்தார்கள். ரஃபியா அதை முடிச்சில்லாமல் பின்னி வளையமாக்கிக் கப்பியில் மாட்டினார். முதல் கயிறு அரை நிமிடத்தில் அறுந்தது. இரண்டாவது புகைந்தது. மூன்றாம் நாள் காலை, நனைத்து முறுக்கிய தடித்த கயிற்றில் மெஷின் ஓடியது. எண்ணெய் சொட்டியதும் ஒரே கூச்சல்.

"என்னையத் தூக்கிட்டாகங்க! ஆடச் சொன்னாக. நாத்தனா கல்யாணத்துலகூட முன்னால போயி நிக்காதவ, ஆடுனேன்!" சொல்லும்போதே ஸ்டூலில் உட்கார்ந்தபடி தோள்கள் ஆடுகின்றன.

புது பெல்ட் போய்ச் சேர இரண்டு மாதம் ஆனதாம். அதுவரை கயிற்றை மாற்றி மாற்றிப் போட்டே ஓட்டியிருக்கிறார்கள். இப்போது பக்கத்துத் தீவுகள் இரண்டும் மெஷின் வாங்கி, 'அந்த அம்மாவையே அனுப்புங்கள்' என்று எழுதியிருக்கின்றன. அடுத்த மாதம் பயணம்.

அவர் வீட்டில் நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. வீடியோவில் தெபோரா. "மவுரி! மவுரி!" என்று இரண்டு பக்கமும் சத்தம். அந்த ஊர் வணக்கம் அது. தெபோரா தலைக்கு மேல் கையைக் கூம்பாகக் குவித்துக் காட்டி ஏதோ கேட்டார்.

"மலையக் காட்டச் சொல்றாக. அங்கன எல்லாம் தட்டை மண்ணு. பாத்ததே இல்லையாம்!"

சொல்லிக்கொண்டே மாடிப்படியில் ஓடினார் ரஃபியா. நானும் பின்னால் ஓடினேன். மேற்கே மலைத்தொடர் நீலமாக நீண்டு கிடந்தது. திரையில் முழுதாக அடங்கவில்லை போலும். போனைப் பிடித்தபடி பின்னால் பின்னால் நகர்ந்தவர், கைப்பிடிச் சுவரில் முதுகு முட்டியதும் செருப்பை உதறிவிட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறினார்.