சர்க்கரை குறைந்த சந்தோஷம்

காது குத்தினபோது வலித்ததா என்று இன்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. காது வலித்த நினைவே இல்லை. என் கையிலிருந்த சர்க்கரையை மாமா பிடுங்கித் தின்றதுதான் நினைவிருக்கிறது. ஏழு வயசுப் பிள்ளையை மொட்டையும் அடித்து, காதையும் குத்தி, சமாதானத்துக்குக் கொடுத்ததையும் பிடுங்கிக்கொண்டால் அது என்ன நியாயம்?

மாமா என் அம்மாவின் தம்பி. அப்போது இருபத்தோரு வயது. அவர்களைப் பெற்ற அப்பிச்சியும் அம்மாயியும் போய்ச் சேர்ந்த பிறகு எங்கள் வீட்டோடு இருந்துகொண்டு, கோயமுத்தூரில் ஒரு லேத் பட்டறைக்கு வேலைக்குப் போய்வந்தார். வாட்டசாட்டமான ஆள். அவருக்குப் போய்ச் சர்க்கரை வியாதி. தினமும் காலையும் மாலையும் தொடையில் ஊசி போட்டுக்கொள்வார். விஷயம் தெரிந்தால் எவன் பொண்ணு கொடுப்பான் என்று அம்மா அதை வாசல் தாண்டவிடவில்லை. "மாமனப் பத்தி வெளிய வாயத் தொறந்தீன்னா சூடு போட்டுப்போடுவேன்" என்று எனக்கும் சொல்லிவைத்திருந்தாள்.

எங்கள் பக்கம் சர்க்கரை என்றால் நாட்டுச்சர்க்கரை. வெள்ளையாக இருப்பது அஸ்கா. சர்க்கரை ஆகாது என்று டாக்டர் சொன்ன அன்றே அம்மா சர்க்கரை டப்பாவைப் பரணில் ஏற்றினாள். அஸ்கா போட்ட காப்பி மட்டும் மாமாவுக்குத் தாராளமாக நடந்தது. டாக்டர் தலையில் அடித்துக்கொண்ட பிறகுதான் அஸ்காவும் பரணேறியது. அதிலிருந்து அம்மாவுக்குச் சர்க்கரை ஜென்ம விரோதி. தம்பிக்கு அது குறைய வேண்டும் என்று சென்னிமலை முருகனிடம் வேண்டிக்கொண்டாள். என் மொட்டையையும் காதுகுத்தையும் அங்கேயே வைத்துக்கொள்வதாக ஏற்பாடு.

எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம். காது குத்தி முடிகிறவரை தாய்மாமன் பல்லில் பச்சைத் தண்ணி படக்கூடாது. அம்மாவுக்கு இதில் இரட்டைச் சந்தோஷம். ஊசியும் போட்டு விரதமும் இருந்தால் சர்க்கரை இருந்த இடம் தெரியாமல் ஓடிவிடும் என்பது அவள் கணக்கு. ஆகவே விடிந்ததும் மறக்காமல் ஊசி போடச் சொன்னாள். ஊசி போட்டால் சாப்பிட்டே ஆகவேண்டும் என்று மாமாவுக்குத் தெரியும். அதனால் யாருக்கும் தெரியாமல் சட்டைப்பையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைத் திணித்துக்கொண்டு வந்தார். வேனில் ஏறும்போதே அம்மா கண்ணில் அது பட்டுவிட்டது.

"விரதத்துல பிஸ்கட் கேக்குதாக்கும் தொரைக்கு! ஒம்பது மணிக்குள்ள குத்தி முடிச்சரலாம். அப்பறம் வவுறு முட்டத் தின்னு" என்று பிடுங்கி எங்களைப் போன்ற வாண்டுகளுக்குப் பங்கு வைத்துவிட்டாள். வேன் நிறையச் சொந்தக்காரர்கள். மாமா எதைச் சொல்லி, எப்படி மறுப்பார்? சிரித்து மழுப்பினார்.

ஊத்துக்குளி தாண்டியதும் வேன் நின்றது. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று அந்த ஊர்ப் பெண்கள் நடுரோட்டில் காலிக் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். முன்னாலும் வண்டி, பின்னாலும் வண்டி. பெரியப்பா இறங்கிப் போய், "ஏனுங்க, கொழந்தைக்குக் காது குத்தப் போறமுங்க, நல்ல நேரம் தப்பிப்போயிருமுங்க" என்று கும்பிட்டார்.

"நாங்களும் ஒரு மாசமாத் தண்ணிக்கு நல்ல நேரம் பாத்துட்டுத்தானுங்க இருக்கறோம். செத்த ஒக்காருங்க" என்று ஓர் அம்மா மரியாதையாகவே சொல்லிவிட்டார்.

அதிகாரி யாரோ வந்து பேசி, குடங்கள் விலகியபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. எனக்கு அந்த மறியல் திருவிழா போல இருந்தது. மாமா மட்டும் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார்.

அடிவாரத்து மண்டபத்தில் இறங்கினபோது மாமாவின் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. கால் பின்னியது. பெரியப்பா கிட்டத்தில் வந்து மோந்து பார்த்து, "ஏன்டா, விரத நாள்லயே ஊத்திக்கிட்டயா?" என்றார். மாமா அவரை விலக்கினார். அம்மாவின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனார். நானும் முந்தானையைப் பிடித்துக்கொண்டே போனேன்.

"அக்கா, சர்க்கரை கொறஞ்சுபோச்சுக்கா."

அம்மாவின் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். மலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "கொறஞ்சிருச்சா கண்ணு? முருகா, எஞ்சாமி, கண்ணத் தொறந்துட்டயா!"

"அய்யோ, அதில்லக்கா..." என்று மாமா ஆரம்பித்தார். நாக்குக் குழறியது. அம்மா அதற்குள் கற்பூரம் வாங்க ஓடியே விட்டாள். ஊசி போட்டவன் சாப்பிடாமல் கிடந்தால் ரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கும், அப்படியே விட்டால் ஆளையே கொண்டுபோய்விடும் என்று அந்த மண்டபத்தில் மாமாவைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அந்த மாமாவால் அப்போது இரண்டு வார்த்தை சேர்த்துப் பேச முடியவில்லை.

மொட்டை அடித்து, சந்தனம் பூசி, என்னை அவர் மடியில் உட்காரவைத்தார்கள். அவர் தொடை உதறுவதில் நானும் சேர்ந்து ஆடினேன். "மாமனுக்குக் காலு இப்படி ஆடுனா ஊசி எடம் மாறிப்போகுமுங்க" என்றார் ஆசாரி. நான் அழாமல் இருப்பதற்காக அம்மா என் உள்ளங்கை நிறைய நாட்டுச்சர்க்கரையை வைத்தாள். ஊசி இறங்கியது. நான் வாயைத் திறந்தேன். சர்க்கரை என் வாய்க்கு வருவதற்குள் மாமா என் மணிக்கட்டைப் பிடித்துத் தன் வாய்க்குக் கொண்டுபோய்விட்டார். உள்ளங்கையை நக்கினார். அப்புறம் தட்டில் இருந்ததையும் அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டார்.

மண்டபமே சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவர் காதோரம் குனிந்து, "முருகன் கொறச்சுக் குடுத்தத இப்படி அள்ளி ஏத்திக்கறயேடா பாவி!" என்று பல்லைக் கடித்தாள். கொஞ்ச நேரத்தில் உதறல் நின்றது. வேர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டு, அடுத்த காதைக் குத்தச் சொல்லி மாமா என் தலையைப் பிடித்துக் காட்டினார். நான் அவர் முகத்தையே பார்க்கவில்லை. அவ்வளவு கோபம். அதன்பிறகு பல வருஷம், மருமகள் சர்க்கரையைப் பிடுங்கித் தின்ற மாமன் என்றே சொந்தத்தில் அவருக்குப் பேர். அவரும் சிரித்துக்கொண்டே அதை வாங்கிக்கொள்வார்.

அன்று பந்தியில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஒரு பேச்சுப் பேசினார். "அம்மணி, இனிமேலு எனக்குக் கையி நடுங்குச்சுன்னா, மூஞ்சி வேத்துச்சுன்னா, நீயே சர்க்கரை கொண்டாந்து குடுத்துப்போடோணும். அம்மாகிட்ட மூச்சு உடக்கூடாது."

"எனக்கு?"

"ஆளுக்குப் பாதி."

என் கோபம் அங்கேயே தீர்ந்துவிட்டது. பரணில் ஏறித் திருடுவதற்கு நானாச்சு என்று ஒப்புக்கொண்டேன். அதிலிருந்து என் பாவாடை நாடாவில் எப்போதும் ஒரு சர்க்கரை முடிச்சு இருக்கும். பந்தி தாமதமாகும் கல்யாண வீட்டில், பஸ் வராத ஸ்டாப்பில், பட்டறையில் ஓவர்டைம் பார்த்துவிட்டு வருகிற அன்று, அவர் முகம் வேர்த்ததும் நான் போய் நிற்பேன். அம்மா கண்ணில் மண்ணைத் தூவுகிறோம் என்று எனக்குப் பெருமை தாங்காது. என் பாதியை முதலில் நான் நிதானமாகச் சப்பித் தின்பேன். நடுங்குகிற கையை நீட்டிக்கொண்டு, "வெரசாக் குடு கண்ணு" என்று மாமா கெஞ்சுவார். இத்தனை பெரிய மனுஷன் ஒரு வாய் சர்க்கரைக்கு இப்படிப் பறக்கிறாரே என்று எனக்குச் சிரிப்பாக வரும்.