சேனாதிபதி படிக்க வந்த லீவு

வில்பட்டி சேனாதிபதிக்குப் பட்டாளத்தில் எதற்கும் பயம் கிடையாது, நாலு பேர் முன்னால் எழுந்து நின்று பேசுவதைத் தவிர. ஹவில்தாராக இருந்தவர் நாயப் சுபேதார் ஆவதற்கான தேர்வில், அதிகாரிகள் முன்னால் இந்தியில் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். காதால் கேட்டால் அவருக்கு இந்தி புரியும். வாயைத் திறந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். முதல் தடவை, துப்பாக்கியைக் கழற்றி மாட்டுகிற பாடத்தில் பாதியிலேயே வாயடைத்து நின்றுவிட்டார். தோற்ற கையோடு லீவில் ஊருக்கு வந்தார்.

பூண்டு பிடுங்குகிற நேரம் அது. காட்டில் ஒரு கையால் பூண்டைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே, மறு கையில் புத்தகத்தை வைத்து முணுமுணுப்பார். அவர் மனைவி லீலா கொடைக்கானலில் ஒரு லாட்ஜில் வரவேற்பு வேலை பார்த்தாள். வடக்கிலிருந்து வருகிற டூரிஸ்ட்டுகளோடு பேசிப் பேசி இந்தி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"ஏங்க, யாருக்குப் பாடம் எடுக்குறீங்க? பூண்டுக்கா?" என்றாள்.

"படிக்கிறேன் லீலா."

"இது படிக்கிற சோலி இல்லைங்க, பேசுற சோலி. எனக்கு நடத்துங்க, கேப்போம்."

துப்பாக்கிக்கு எங்கே போவது? மருந்தடிக்கிற ஸ்பிரேயரைத் தூக்கி வந்து சாக்கின் மேல் வைத்தாள். லாட்ஜுக்குக் கிளம்புமுன் வெள்ளனே ஒரு வகுப்பு, திரும்பி வந்ததும் ஒரு வகுப்பு. அவர் ஒவ்வொரு பாகமாகக் கழற்றி இந்தியில் விளக்க, அவள் ஒன்றும் தெரியாத புது ஆள் மாதிரி குறுக்குக் கேள்வி கேட்பாள். மேல்காட்டு ராமர் ஒருநாள் நின்று பார்த்துவிட்டு, "ஏலே சேனாதி, மருந்தடிக்கத் தெரியலைன்னா எங்கிட்டக் கேக்க வேண்டியதுதான? பொண்டாட்டிகிட்ட இந்தியிலயா கேப்ப?" என்றார். லீலா சிரித்த சிரிப்பில், கழற்றி வைத்திருந்த வாஷர் எங்கோ உருண்டு போய்விட்டது. இருவரும் மண்ணில் தவழ்ந்து தேடினார்கள்.

லீவு முடியப்போகும் சமயத்தில் அவள் கேட்டாள்: "பாஸாயிட்டா சம்பளம் கூடும். வேற என்ன கூடும்?"

அதுவரை சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்ததை அவர் சொன்னார். "சர்வீஸும் கூடும் லீலா, இன்னும் சில வருஷம் பட்டாளத்துலயே இருக்கணும். பெயிலாயிட்டா வெரசா வீட்டுக்கு வந்துருவேன்."

அவள் கையிலிருந்த பூண்டில் ஒட்டிய மண்ணை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். மண்ணெல்லாம் போன பிறகும் தேய்த்தாள். அப்புறம், "சரி, எந்திரிச்சு நில்லுங்க. ஸ்பிரேயர் நாசிலைப் பத்திப் பாதியில விட்டுட்டீங்க" என்றாள்.

இரண்டாவது தடவை தேறினார். போனில் சொன்னபோது அவள் சந்தோஷத்தில் இந்தியிலேயே வாழ்த்துச் சொன்னாள். ஆனால் அந்தப் பதவி அவரை நேரே அஸ்ஸாமுக்கு அனுப்பியது. மகள் லாவண்யா பெரியவளானதையும் பள்ளி முடித்ததையும் போட்டோவில்தான் பார்த்தார்.

இப்போது ஓய்வு பெற்று, பூண்டும் கேரட்டுமாகக் காட்டைப் பார்த்துக்கொள்கிறார். ஊரில் எல்லோருக்கும் அவர் சுபேதார்தான். எல்லையைப் பற்றி, பனியைப் பற்றி யாராவது கேட்டால் இரண்டு வரியில் முடித்துவிடுவார். தனியாக இருக்கும்போது நினைவுக்கு வருவது அந்த லீவுதான். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் அவ்வளவு பேசிக்கொண்டது அப்போதுதான்.

போன வாரம் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "அன்னைக்கு நீ எந்திரிச்சு நில்லுங்கன்னு சொல்லாம இருந்திருந்தா நான் பெயிலாகி அப்பவே வந்திருப்பேன்ல?"

"வந்து? மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருப்பீங்க. அதை யாரு தெனமும் பாக்குறது?" என்றாள் லீலா.

அவர் அவளுக்கும் ஒரு டம்ளர் ஊற்றினார்.