சிமெண்டுத் தூதன் நின்ற இடம்

எங்கள் சபையின் விதி இது: கல்லறை மேலுள்ள எதையும் அகற்றுமுன் குடும்பத்தாருக்கு எழுத்தில் அறிவித்து ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். அரசு அலுவலகத்தில் ஓய்வுபெற்றவன் என்பதால் சபைச் செயலாளர் வேலை என் தலையில் விழுந்திருந்தது. விதிகள் எனக்கு மனப்பாடம். கேட்பார்தான் இல்லை.

கௌதள்ளியிலிருந்து மைசூருக்குக் கட்டட வேலைக்கு வந்த ஒரு பெண், காய்ச்சலில் இறந்த மகளின் குழிமேல் சிமெண்டில் ஒரு தேவதூதனை நிறுத்தியிருந்தாள். வேறு அடையாளம் இல்லை. யாரோ அதன் சிறகில் கயிறு கட்ட, அவர்கள் வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கியதாம். பிறகு மண்டி மொஹல்லாவிலிருந்தெல்லாம் எலுமிச்சம்பழமும் ஊதுபத்தியுமாக வந்தார்கள். கூட்டி அள்ளுவது தாயின் வேலை.

"என்ற புள்ளயே காய்ச்சல்லதானுங்க போனா. அவகிட்டயே வந்து காய்ச்சலுக்குக் கேக்கறாங்களே, புத்தி இருக்குதுங்களா சார்?"

புதிதாக வந்த இளம் போதகர், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலம் முழுக்க யோசியா ராஜாவைப் பிரசங்கித்தார்: ஆலயத்து விக்கிரகத்தை எரித்து, தூளைக் கல்லறைகள்மேல் தூவி, மேடைகளை இடித்த ராஜா. கடைசிப் பிரசங்கத்துக்கு மறுநாள் ஜேசிபி வந்தது. தூதன் போனான், அந்த மூலையே மட்டமானது.

"பாஸ்டர், யோசியா பெத்தேல்ல ஒரு கல்லறையப் பாத்து, இது யாரோடதுன்னு கேட்டாரு. தீர்க்கதரிசியோடதுன்னதும் விட்டுட்டாரு. ராஜாவே கேட்டிருக்காரு" என்றேன்.

"நீங்க ரிட்டையர் ஆயிட்டீங்க சார், உங்க ஃபைல் இன்னும் ஆகல. பர்மிஷன் எல்லாம் ஆமேலெ, அப்புறமா வாங்கிக்கலாம்."

நடந்தது விக்கிரகாராதனை என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. தாயும் சிலையைத் திருப்பிக் கேட்கவில்லை. வெறும் மண்ணில் அங்குமிங்கும் நடந்து பார்த்தாள். "எந்த எடம்னு மட்டும் காட்டிப்போடுங்க சார்" என்றாள்.

சபையின் கல்லறை வரைபடத்தில் அந்த மூலை காலி. அளந்து சொல்ல ஆள் அனுப்புங்கள், அதுவரை அங்கே தோண்டத் தடை போடுங்கள் என்று பேராய அலுவலகத்துக்கு எழுதினேன். பிறகு நினைவூட்டல்கள்.

மறு வருஷம் லெந்தில் சபை மூப்பர் ஒருவர் இறந்தார். அந்த மூலையில் குழி வெட்ட வந்தார்கள். தடுத்தேன்.

"கையில உத்தரவு இருக்கா சார்?" என்றார் போதகர்.

இல்லை. பள்ளத்தில் சின்ன எலும்புகள் வந்தன. மண்ணோடு ஓரமாகத் தள்ளினார்கள்.

மாலை வேலை முடிந்து வந்த தாய், "எடம் தெரிஞ்சுதுங்களா?" என்றாள். தெரிந்தது என்று மூப்பரின் புதுக்குழியைக் காட்டினேன். அதற்குப்பின் அவள் அங்கே வரவில்லை.

பேராயத்தின் பதில் ஒரே வரி: மறு உத்தரவு வரும்வரை அந்த மூலையில் தோண்டக் கூடாது. வந்து சேர்ந்தது அந்த வருஷத்து ஈஸ்டருக்கு மறுநாள், திங்கட்கிழமை.