உள்பாக்கெட் தைத்தவள்

தையல்காரி பொல்லாதவள் இல்லை. எதிர்வீட்டுக்காரிக்கு லாட்டரியே விழுந்தாலும் "நல்லா இருக்கட்டும்" என்று மனசாரச் சொல்லிவிடுவாள். ஆனால் மாடியில் இருக்கும் ஓரகத்தி புதிதாக ஒரு துடைப்பம் வாங்கினால் போதும், அன்றைக்கு இவளுக்குச் சாப்பாடு இறங்காது.

வீடு கட்டிய லட்சணமும் அதற்கு ஒரு காரணம். அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாங்கிய வீடு அது. அண்ணன் குடும்பம் மாடியில், தம்பி குடும்பம் கீழே. மாடிப்படி வெளிப்புறமாக, தையல்காரி மெஷின் போட்டிருக்கும் ஜன்னலை உரசிக்கொண்டு ஏறும். மாடிக்கு எது போனாலும் இவள் கண்ணில் பட்டுத்தான் போக வேண்டும். ஃப்ரிட்ஜ் போயிற்று. வாஷிங் மெஷின் போயிற்று. சோபா படி வளைவில் சிக்கிக்கொண்டபோது, அப்படியே இருந்து தொலையட்டும் என்று வேண்டிக்கொண்டாள். ஆட்கள் அதைச் செங்குத்தாகத் தூக்கி நிறுத்திக் கொண்டு போய்விட்டார்கள். கடைசியாக ஏசி வந்தது. அதன் தண்ணீர் நாள் முழுவதும் இவள் ஜன்னல் தகரத்தில் சொட்டிக்கொண்டே இருந்தது.

"அவங்க ஏசி போட்டா உனக்கு ஏன்டி வேர்க்குது?" என்று புருஷன் கிண்டல் செய்வார். அவருக்கு எதுவும் உறைக்காது. தட்டில் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிற மனுஷன்.

இத்தனைக்கும் காரணம் ஓரகத்தியின் மகன். தெருவில் எல்லோரும் அவனை மைனர் என்றுதான் கூப்பிடுவார்கள். பார்சல் கம்பெனியில் பைக்கில் போய் டெலிவரி கொடுக்கும் வேலை அவனுக்கு. இவள் மகன் சின்னவனுக்கும் அதே கம்பெனியில் அதே வேலை. அதே பைக், அதே நீல ஜாக்கெட். வெயிலில் கறுப்பதும் மழையில் நனைவதும் ஒன்றுபோலத்தான். ஆனால் அவன் வீட்டுக்கு ஏசி வருகிறது, இவன் வீட்டுக்கு அதன் தண்ணீர் வருகிறது. இதை எந்தத் தாயால் பொறுத்துக்கொள்ள முடியும்?

ஒருநாள் ஓரகத்தி மைனரின் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு கீழே வந்தாள்.

"ஜிப்பு ரன்னர் போயிடுச்சு. மாத்திக் குடுத்துடறியா?"

"குடுங்கக்கா. உங்களுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன்?" வாய் தேனாகத்தான் பேசியது.

எந்தத் துணி வந்தாலும் தையல்காரி முதலில் அதை உள்பக்கம் திருப்பிப் பார்ப்பாள். உண்மையான தையல் அங்கேதான் இருக்கும். மைனரின் ஜாக்கெட்டையும் திருப்பினாள். இடது அக்குளுக்குக் கீழே, லைனிங்குக்குள் மறைவாக ஒரு பாக்கெட் இருந்தது. கம்பெனி கொடுக்கும் ஜாக்கெட்டில் அப்படி ஒன்று கிடையாது. சின்னவனின் ஜாக்கெட்டை அவள் எத்தனை முறை ஒட்டுப் போட்டிருக்கிறாள், அவளுக்குத் தெரியாதா? யாரோ லைனிங்கைப் பிரித்து, உள்ளே பை வைத்து, வாயில் ஒட்டும் பட்டி கொடுத்துத் திரும்ப மூடியிருக்கிறார்கள். தடவிப் பார்த்தாலும் சட்டென்று கையில் தட்டாது.

இன்னொருத்தியாக இருந்தால், இது எதற்கு இங்கே என்று யோசித்திருப்பாள். இவளுக்கு வந்ததோ வேறு கேள்வி. இதை யார் தைத்தது? வீட்டுக்குள்ளேயே ஒரு தையல்காரியை வைத்துக்கொண்டு, நல்ல வேலையை வெளியே கொடுத்திருக்கிறார்கள். ஜிப்பு மாட்டுகிற எடுபிடி வேலைக்கு மட்டும் இவள். நெஞ்சு பற்றி எரிந்தது. அந்தத் தையலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஓரம் கோணல், பட்டி ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அப்புறம்தான் மற்றதை யோசித்தாள், அதையும் தப்பாக யோசித்தாள். விலையுயர்ந்த சாமான் கொண்டுபோகிறவனுக்கு இந்தப் பாக்கெட் கொடுத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. நகையோ, வைரமோ, பெரிய மனுஷன் வீட்டுப் பத்திரமோ. அதனால்தான் அவனுக்கு நல்ல ட்ரிப். பாக்கெட் இல்லாத தன் மகனுக்குச் செருப்பு டப்பாவும் தலையணையும்.

சாப்பிட வந்த சின்னவனிடம் பேச்சுவாக்கில் கேட்டாள். "உங்க அண்ணனுக்கு மட்டும் தனியா ஏதோ ட்ரிப் குடுக்கறாங்களாமே?"

"சூப்பர்வைசர் தனியா கூப்பிட்டுக் குடுப்பார்மா. நானும் அண்ணன்கிட்ட கேட்டேன். உனக்கு வேணாம்டா, பேசாம இருன்னு கத்துது."

"ஏன் கத்தாது? நீ மேல வந்துட்டா அவங்க பவுசு என்ன ஆகறது?"

மறுநாள் அவனுக்கு லீவு. தூங்கிக்கொண்டிருந்தவனின் ஜாக்கெட்டை எடுத்து அவள் லைனிங்கைப் பிரித்தாள். அந்தக் கோணல் தையல்காரனுக்குப் பாடம் சொல்வதுபோல, துளி சுருக்கம் இல்லாமல், உள்ளே இரட்டைத் துணி கொடுத்து, லைனிங் நிறத்திலேயே நூல் தேடி ஒரு பாக்கெட் தைத்தாள். அவள் வாழ்க்கையில் தைத்ததிலேயே நேர்த்தியான தையல் அதுதான் என்று சொல்லலாம்.

"இதைக் கொண்டுபோய் சூப்பர்வைசர்கிட்ட காட்டு. நானும் ரெடின்னு சொல்லு."

"என்னத்துக்கும்மா இது?"

"சொன்னதைச் செய்டா. வாய் உள்ள பிள்ளைதான் பிழைக்கும்."

சின்னவன் காட்டினான். சூப்பர்வைசர் பாக்கெட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "உங்க அண்ணன் சொல்லி அனுப்பினானா?" என்று கேட்டார். எதற்கு வம்பு என்று அவனும் தலையை ஆட்டிவைத்தான். அன்றிலிருந்து அவனுக்கும் தனி ட்ரிப் கிடைத்தது.

கொஞ்ச நாளில் தையல்காரிக்கு மோட்டார் வைத்த புது மெஷின் வந்தது. கீழ்வீட்டுக்காரிக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. அவள் சாமான் எதுவும் மாடிப்படி ஏறிப் போகாது, யார் கண்ணிலும் படாது. அதனால் கொண்டுவந்த ஆட்களிடம் மெஷினை வாசலிலேயே இறக்கிவைக்கச் சொல்லி, ஓரகத்தி பால்கனிக்கு வந்து துணி எடுக்கும்வரை உள்ளே ஏற்றவே விடவில்லை. ஓரகத்தி எட்டிப் பார்த்து, "புதுசா?" என்றாள்.

"ஆமாக்கா. வேண்டாம்னுதான் சொன்னேன், பையன் கேக்கலை." அப்படியொரு இனிப்பு அவள் நாக்கில் பட்டு வருஷக்கணக்காகிவிட்டது.

அந்த வாரம் மைனர் கீழே வந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தான். வந்ததும் ஆணியில் தொங்கிய சின்னவனின் ஜாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தான்.

"சித்தி, இதை நீங்களா தச்சீங்க?"

"ஏன், உங்க ஆள் தச்சதைவிட நல்லா இருக்கா?"

"உள்ள என்ன போகுதுன்னு தெரியுமா?"

"உனக்கு என்ன போகுதோ அதுதான் அவனுக்கும் போகும்."

மைனர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். மெதுவாகச் சொன்னான். போவது போதைப் பவுடர். எந்தெந்த நாட்டிலிருந்தோ, கப்பலில், தரைக்குப் போடும் கல் பெட்டிகளுக்கு நடுவே ஒளிந்து வருகிறது. எத்தனையோ கை மாறி வருகிறது. யார் முதலாளி என்று சூப்பர்வைசருக்கே தெரியாது. "நாங்க கடைசி கை சித்தி. மாட்டினா நாங்கதான் மாட்டுவோம். காலேஜ் வாசல்ல குடுக்கறோம், ஆஸ்பத்திரி பின்னாடி குடுக்கறோம். ஒரு நாள் நானும் போட்டுப் பார்த்தேன். இப்ப அது இல்லாம எழுந்திருக்க முடியலை. தம்பி இன்னும் தொடலை. நீங்க சொன்னாத்தான் அவன் கேப்பான், நிறுத்தச் சொல்லுங்க."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இதை மறைத்துச் சொல்லிப் பயனில்லை, நன்றாகவே தெரிந்துவிட்டது. ஆனால் அதை ஒப்புக்கொண்டால் மெஷின் திரும்பிப் போகும், ஏசி மட்டும் மேலே ஓடிக்கொண்டிருக்கும். அவளால் அதைத் தாங்க முடியவில்லை.

"அப்ப நீ மொதல்ல நிறுத்து," என்றாள். "உங்க வீட்டுல எல்லாம் வந்து நெறைஞ்சாச்சு. எங்களுக்கு ஒண்ணு வந்ததும் உனக்குப் பொறுக்கலை."

மைனர் மூக்கைத் துடைத்துக்கொண்டான். பிறகு எழுந்தான். "சரி சித்தி. நானே பேசிக்கறேன்," என்று சொல்லிவிட்டு வாசல்படி இறங்கித் தெருவுக்குப் போனான்.

அவன் பேசியது சூப்பர்வைசரிடம். தம்பியை விட்டுவிடுங்கள், இல்லையென்றால் போலீசில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன் என்று கிடங்கிலேயே நின்று கத்தியிருக்கிறான். சூப்பர்வைசர் சிரித்தாராம், தோளில் கைபோட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போனாராம். மறுநாள் காலையில் கிடங்குக்குப் பின்னால், காலி அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே மைனர் கிடந்தான். அளவுக்கு மீறிப் போட்டுக்கொண்டு செத்துவிட்டான் என்றார்கள். அவனே போட்டுக்கொண்டானா, போட்டுவிட்டார்களா என்று யாரும் கேட்கவில்லை. பழக்கம் உள்ள பையன் என்றதுமே எல்லோருக்கும் கேள்வி தீர்ந்துவிட்டது.

சின்னவன் அண்ணனைப் பார்த்துவிட்டு நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான். தெரிந்ததை எல்லாம் சொன்னான். சூப்பர்வைசரைக் காணோம். அந்த இடத்துக்கு வேறொருத்தர் வந்து சீட்டில் உட்கார்ந்தாயிற்று, நீல ஜாக்கெட்டுகள் வழக்கம்போல ஓடின. சின்னவனைத்தான் உள்ளே வைத்தார்கள். பாக்கெட்டை யார் தைத்தது என்று கேட்டதற்கு, வாங்கும்போதே இருந்தது என்று சொல்லியிருக்கிறான். போலீஸ்காரர் இதை வந்து சொன்னபோது தையல்காரி புதுமெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தைத்தது நான்தான் என்று அவள் சொல்லவில்லை.

மகனைப் பார்க்க அனுமதி கிடைத்த அன்று, அவனுக்கு இரண்டு சட்டையும் ஒரு துண்டும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். படியில் காலடி கேட்டது. ஓரகத்தி வாசலில் வந்து நின்றாள். மைனர் போன பிறகு அவள் கீழே இறங்கியதே இல்லை.

"பையனைப் பார்க்கவா?"

"ஆமாக்கா."

"பேச விடுவாங்களா?"

"கொஞ்ச நேரம் விடுவாங்களாம்."

ஓரகத்தி பையில் இருந்த சட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். தையல்காரி அந்தப் பார்வையைக் கண்டுகொண்டாள். இத்தனை வருஷம் ஜன்னல் வழியாக மாடிக்குப் போன ஒவ்வொரு சாமானையும் அவள் பார்த்த பார்வைதான் அது. யார் தன்னைப் பார்த்து வயிறு எரிய வேண்டும் என்று ஏங்கினாளோ, அவள்தான் இப்போது எதிரே நின்று எரிந்துகொண்டிருந்தாள்.

"நீ குடுத்து வச்சவ," என்றாள் ஓரகத்தி. "ஜெயில்ல இருந்தாலும் இருக்கான்."

தையல்காரி துண்டை எடுத்து மறுபடி மடித்தாள்.

"ஒண்ணு கேட்டுட்டு வர்றியா? எம்பிள்ளை அவங்ககிட்ட போய்ச் சண்டை போட்டான்னு மட்டும்தான் சொல்றாங்க. எதுக்காகப் போட்டான்? யாருக்காகப் போனான்? எனக்கு அது ஒண்ணுதான் புரியலை. உம்பையனுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"கேட்டுச் சொல்றேன்க்கா," என்றாள் தையல்காரி. பையை எடுத்துக்கொண்டு, ஓரகத்தியின் முகத்தைப் பார்க்காமல் வாசலைத் தாண்டினாள்.