லிங்கிக்கு ஆறு மீட்டர் குழாயோடு

காலை மணி 9.20. அம்பாங்கானில் என் வீட்டிலிருந்து காரை எடுத்தேன். போக வேண்டியது லிங்கி, ஏறத்தாழ ஐம்பத்தைந்து கிலோமீட்டர். அங்கே ஒரு செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் அப்பா இருக்கிறார். முப்பது வருடம் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். ஆஸ்திரேலியா பெர்த்திலிருந்து வந்திருக்கும் வசந்தி அக்காவும் அங்கேதான். நாளை காலை அவளுக்கு விமானம். அதற்குள் நாங்கள் மூவரும் ஒரே படத்தில் இருந்தாக வேண்டும் என்பது என் பிடிவாதம்.

பதினாறு வயதிலிருந்து வீட்டில் படம் எடுப்பவள் நான். அதற்கு முந்தைய ஆல்பங்களை ஆற்று வெள்ளம் கொண்டுபோய்விட்டது. இரண்டு வருடத்துக்கு முன் அம்மா இறந்து, மிச்சமிருந்த ஆல்பங்களைப் புரட்டியபோதுதான் உறைத்தது: அம்மாவும் நானும் சேர்ந்திருக்கும் படம் ஒன்றுகூட இல்லை. என்னை நானே வெளியே நிறுத்தி வைத்திருக்கிறேன். அப்பா விஷயத்திலும் அப்படி ஆகிவிடக் கூடாது.

கைப்பேசியில் எடுத்தால் என்ன என்று முந்தின நாள் போனில் அக்கா கேட்டிருந்தாள். கைப்பேசிப் படங்கள் கைப்பேசியோடு போய்விடும். பின் சீட்டில் என் பழைய மீடியம் ஃபார்மெட் ஃபிலிம் கேமரா இருந்தது. அறுபத்தைந்து வெள்ளிக்கு வாங்கிய ஒரே ரோல், பன்னிரண்டு படம். தள்ளி நின்று அதன் பொத்தானை அமுக்க ஒரு வழிதான் வேண்டும்.

9.45. சிரம்பான் டவுனில் ஒரு கேமரா கடை. சீனப் பெரியவர் கண்ணாடி மேசையில் நான்கு சாமான்களைப் பரப்பினார். ரிமோட்டை நானே தள்ளிவிட்டேன். பேட்டரியே இல்லாத என் கேமரா அதற்கு எங்கே செவிசாய்க்கும்? முடுக்கிவிட்டால் பத்து விநாடி கழித்து அமுக்கும் குட்டிக் கருவி எண்பது வெள்ளி. அதை மாட்டினால் நான் ஓடிவந்து மூச்சிரைக்க நிற்க வேண்டும், படத்தில் திருடி மாதிரி இருப்பேன். ஒரு மீட்டர் கேபிள் முப்பத்தைந்து வெள்ளி, மலையையும் மரத்தையும் எடுக்கப் போதும், நான் படத்துக்குள் நிற்க எட்டாது. கடைசியாக ஆறு மீட்டர் ரப்பர் குழாய். ஒரு முனையில் கேமராவில் திருகும் ஊசி, மறு முனையில் உள்ளங்கைக்குள் அடங்கும் காற்று உருண்டை. உருண்டையை அமுக்கினால் காற்று ஓடிப்போய் ஊசியைத் தள்ளும். நாற்பது வெள்ளி. பழைய ரப்பர், அடிக்கடி அமுக்காதே என்று பெரியவர் மலாயில் இரண்டு தடவை சொன்னார்.

சொன்னதைக் கேட்கும் பழக்கம் எனக்கு எப்போது இருந்தது? போர்ட்டிக்சன் சாலையில் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் ஊசி வருகிறதா என்று அமுக்கிப் பார்த்தேன். லுக்குட் வந்தபோது உருண்டை வாயைப் பிளந்துவிட்டது.

11.10. லுக்குட்டில் கண்ணில் பட்ட முதல் மோட்டார் சைக்கிள் பட்டறையில் காரை நிறுத்தினேன். சேகர் என்று சட்டையில் தைத்திருந்த பட்டறைக்காரர் கிழிந்த ரப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒட்டினால் நிற்காது என்றார். எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. பிறகு உள்ளே போய், ரொட்டிக்காரர்கள் மோட்டார் சைக்கிளில் பாம் பாம் என்று அமுக்குவார்களே, அந்த ஹாரனின் கறுப்பு உருண்டையைக் கழற்றிக்கொண்டு வந்தார். பெட்ரோல் குழாய்த் துண்டு ஒன்றை நடுவில் சொருகி, இரண்டு கிளிப் போட்டு முறுக்கினார். அமுக்கியதும் ஊசி துள்ளி வெளியே வந்தது.

“மெதுவா அமுக்குங்க தங்கச்சி. இது தெருவே கேக்குறதுக்குச் செஞ்சது லா,” என்றார். ஐந்து வெள்ளி மட்டும் வாங்கிக்கொண்டார்.

12.40. லிங்கி. அக்கா மீன் கறி வைத்திருந்தாள். நான் சாப்பிட்டேனா விழுங்கினேனா தெரியாது, கண் ஜன்னலிலேயே இருந்தது. இரண்டு மணிக்கெல்லாம் ஆற்றுப் பக்கம் மேகம் கட்டத் தொடங்கியது. அப்பா குளித்துச் சட்டை மாற்ற நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டார். கேமராவை முக்காலியில் ஏற்றி முற்றத்தில் நட்டு, குழாயைப் புல்லுக்குள் மறைத்து, மூன்று நாற்காலி போட்டேன். நடுவில் அக்காவை உட்காரவைத்தேன்.

அப்பா வாசற்படியிலேயே நின்றுவிட்டார். மூன்று பேராகப் படம் எடுக்கக் கூடாதாம். எடுத்தால் நடுவில் இருப்பவர் முதலில் செத்துப்போய்விடுவாராம். எங்கள் பக்கத்தில் பலரும் இப்படித்தான் சொல்வார்கள்; அம்மாவும் மூன்று பேர் நின்றால் பக்கத்து வீட்டு ஆள் ஒருவரை இழுத்து நிறுத்திவிடுவார். இப்போதும் யாரையாவது கூப்பிடலாம் என்றார் அப்பா; நாங்கள் மூவர் மட்டும்தான் என்றேன் நான். நாளைக்கு விமானம் ஏறப்போகிற பிள்ளையை நடுவில் வைத்து எடுக்க அவர் சம்மதிக்கவே இல்லை.

மேகம் தலைக்கு மேல் வந்துவிட்டது. வெளிச்சம் அளக்கும் என் ஒளிமானியில் முள் இறங்கிக்கொண்டே போனது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. இதெல்லாம் மூடநம்பிக்கை, எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள் என்று கத்தினேன். அக்கா, “சும்மா இருடி கலா,” என்று கையைப் பிடித்தாள். உதறினேன்.

“அம்மாகூட நான் இருக்கிற படம் ஒண்ணுகூட இல்லப்பா. ஒண்ணுகூட. உங்ககூடவும் இல்லாமப் போகணுமா?”

இதை அவரிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அப்பா படி இறங்கி வந்து, அக்காவின் தோளைத் தொட்டு எழுப்பி, ஓரத்து நாற்காலிக்கு அனுப்பினார். பிறகு நடு நாற்காலியில் அவர் உட்கார்ந்து சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

“நான் இங்க உக்காந்துக்கிறேன். போறதுன்னா நான் போறேன். வா, வந்து உக்காரு.”

அப்புறம் கையை நீட்டி உருண்டையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். லாரி ஓட்டிய கைக்கு அது கச்சிதமாக இருந்தது. எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டார். நான் கேமராவைக் காட்டினேன். அவர் அமுக்க, நான் ஓடிப்போய்ச் சுருளைச் சுற்றிவிட்டு வர, மழைக்கு முன் ஏழு படம் எடுத்தோம்.

5.30. மழையிலேயே கிளம்பினேன். படம் கழுவி வர இரண்டு வாரம் ஆகும். பயணக் கட்டுரை எழுதுபவர்கள் எல்லோரும் முடிவில் மனநிறைவோடு திரும்பியதாக எழுதுவார்கள். நான் அப்படித் திரும்பவில்லை. மூடநம்பிக்கை என்று அந்த முற்றத்தில் நின்று கத்தியவள் நான்தான்; ஆனால் நடு நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்ததே கண்ணில் நின்றது. பாசிர் பாஞ்சாங்கில் காரை ஓரங்கட்டி அப்பாவுக்குப் போன் போட்டேன். மழையில் மோட்டார் சைக்கிளை எடுக்காதீர்கள் என்றேன். சரி என்றார். லுக்குட்டில் மறுபடியும் ஓரங்கட்டிப் போன் போட்டேன்.

“என்னம்மா, எதையாவது விட்டுட்டுப் போயிட்டியா?” என்று கேட்டார்.

இல்லை என்றேன். போனை வைக்க மனமில்லாமல், மாத்திரை போட்டீர்களா என்று கேட்டேன்.